மலைக்குப் போகும் வண்டிப்பாதை

செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் காலை நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. கணவர் விடியுமுன் ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடுவார். அவருக்கும் எனக்கும் ஒரே தொழிற்சாலைதான், ஆனால் ஷிஃப்ட் எதிரெதிர். மகள் சின்னவளாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமென்று நாங்களே எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கியது. மகள் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஷிஃப்டை மாற்றிக் கொள்ளலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அவர் வெளியே வரும்போது நான் உள்ளே போவேன். வாசலில் பார்த்துக்கொள்வோம். "சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு" என்பேன். "சரி" என்பார்.

விருதுநகர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு உலோகத் துண்டுகளைக் கேஜ் என்கிற அளவுக் கருவியில் வைத்துச் சோதிப்பது என் வேலை. சரியானதை வலப்பக்கத் தட்டிலும் தவறானதைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். இவ்வளவு நேரம் நிற்கிறவளுக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் ஃபேனின் சத்தம் மெஷின் சத்தமாகிவிடும். எழுந்து ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை இன்னொரு முறை கழுவுவேன். அப்படி ஒரு காலையில்தான் செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் தெருவுக்குப் பின்னால் தெரிகிற மலையை நோக்கி நடந்தேன்.

ஒரே பாறையாக நிற்கும் மலை அது. நடுவில் உச்சியிலிருந்து அடிவரை பிளந்திருக்கும். அந்தப் பிளவில் மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து கரிய கோடாகிவிட்டது. நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள், ஓசூர் வந்துவிட்டது என்று. இங்கே அதைத் தெலுங்குக்காரர்கள் குட்டா என்பார்கள், கன்னடக்காரர்கள் பெட்டா என்பார்கள், நாங்கள் மலை என்போம். மூன்றுக்கும் ஒரே அர்த்தம்தான். வேறு பெயர் கிடையாது.

பாதை எங்கள் குடியிருப்பின் கடைசித் தெருவிலிருந்து தொடங்கும். ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும் அகலத்தில் மண்பாதை. தொடக்கத்தில் ஒரு பக்கம் சாமந்தித் தோட்டம், அதைத் தாண்டி இரு பக்கமும் புதர்க்காடு. பிறகு பாறை. பாறையில் கால் வைக்க மட்டும் குழி செதுக்கியிருப்பார்கள், யார் எப்போது செதுக்கினார்களோ. மேலே ஒரு சுனை, கூரை இல்லாத ஒரு சாமிக் கல். உச்சிக்குப் போனால் கைபேசி தானாகக் கர்நாடகத்துக்கு மாறிவிடும். யாரையாவது கூப்பிட்டால் கன்னடத்தில் ஒரு பெண் பேசுவாள். ஒரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள், மறுபக்கம் இன்னொரு மாநிலத்தின் தொழிற்சாலைக் கூரைகள். நான் அங்கே உட்கார மாட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடுவேன். அது போதும், மதியம் வரை கால் ஆடாது.

சாமந்தித் தோட்டத்துக்காரி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். முதல் நாளே என்னைத் திட்டினாள்.

"ஏம்மா, பாதை அவ்ளோ அகலம் கீது, என் வரப்பு மேல எதுக்கோசரம் நடக்கற?"

பாதையில் சேறு என்றேன்.

"சேறுன்னா கால் கழுவிக்கோ. பூவைக் கழுவ முடியுமா?"

அதன்பின் நான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் என்னை ஃபேக்டரியம்மா என்பாள். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. பூ வாங்க வருகிற பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ். ஆட்டைத் திட்டுவது மட்டும் மூன்றிலும். அவளுடைய நாலைந்து ஆடுகள் மலைமேல் சுனைப் பக்கம்தான் மேயும். சில நாள் நாங்கள் சேர்ந்து ஏறுவோம். சிநேகிதம் என்று சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடப்பவர்கள், அவ்வளவுதான்.

நாலு வருடம் இப்படிப் போனது. போன ஆண்டு கோடையில் ஒரு திங்கட்கிழமை போய் நின்றால், பாதை இல்லை. புதர்க்காட்டைச் சுற்றி நீலத் தகரம் அடித்திருந்தார்கள். பாதை இருந்த இடத்தில் இரும்பு கேட், சங்கிலி, பூட்டு. பக்கத்தில் தகரக் கொட்டகை. 'தனியார் இடம். அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று பலகை. மனை பிரித்து விற்கும் ஒரு நிறுவனம் அந்தப் புதர்க்காட்டை வாங்கியிருந்தது.

கொட்டகையிலிருந்து காவலாளி எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். சீருடைச் சட்டை அவருக்கு ஒரு அளவு பெரியது.

"மேடம், இதுக்கு மேல போவக்கூடாதுங்க."

"நான் உங்க இடத்துக்கு வரலைங்க. மலைக்குப் போறேன்."

"மலைக்கும் இப்படித்தானே போவணும்? இது தனியார் இடம்னு போட்டிருக்குதே."

"நேத்து வரைக்கும் பாதையா இருந்துச்சே?"

"நேத்து நான் இல்லீங்க" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஊர், நிலக்கடலை போட்டு மழையில்லாமல் போனதால் இந்த வேலைக்கு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்தும் செருப்பைக் கழற்றவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அன்று வேலையில், கேஜுக்குள் இறங்கவே கூடாத ஒரு துண்டு இறங்கியதைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கத் தட்டில் வைத்தேன். சூப்பர்வைசர் அதை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தவறு நான் செய்ததில்லை.

கணவரிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம்.

"வேற எடத்துல நடக்க வேண்டியதுதானே. ஏரிக்கரையில போட்டிருக்காங்களே நடைபாதை?"

"அங்க சுத்திச் சுத்தி வரணும்."

"மலைமேல மட்டும் என்ன பண்ற? ஏறுற, இறங்குற."

 ஏரிக்கரைக்கும் போய்ப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் அழுகை வந்தது. எதற்கென்று விளங்கவில்லை.

தோட்டத்து அக்காவிடம் போனேன். அவளுடைய ஆடுகளுக்கும் அதே கேட்தான். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "அந்தப் பக்கம் கல்லொடைச்ச பள்ளம் இருக்குது பாரு, அதுல ஏறிக்கலாம். கொஞ்சம் சுத்து. ஆடு பழகிக்கிச்சு" என்றாள்.

எப்போதோ கைவிட்ட கல்குவாரி அது. பள்ளத்தின் ஓரமாகக் குறுகலான விளிம்பில் நடந்து, பாறை வெடித்த இடத்தில் கைகளை ஊன்றி ஏற வேண்டும். முதல் நாள் பயமாக இருந்தது. இரண்டாம் வாரம் அது எனக்குப் பிடித்துப்போனது. மேலே போய் நின்று கீழே அந்த நீலத் தகரத்தையும் பலகையையும் பார்க்கும்போது, எதையோ ஜெயித்த மாதிரி இருக்கும். இதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. நாலு நாளும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். ஐந்தாம் நாள் காலை தூறல் நின்றதும் ஓடினேன். அக்கா தோட்டத்தில் தண்ணீர் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி வேணாம். பாசி புடிச்சிருக்கும்."

"நீங்க வர வேணாம்க்கா. நான் மட்டும் போயிட்டு வந்துடுறேன்."

"ஒத்தையா போயி உழுந்தா யாருக்குத் தெரியும்? உனக்கு என்னா அவ்ளோ அவசரம்?"

நான் நடந்தேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பாறையை மட்டும் பார்த்து வந்துகொண்டிருந்தாள். அப்போதாவது நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

விளிம்பைத் தாண்டி, கை ஊன்றி ஏறும் இடத்தையும் தாண்டிவிட்டோம். ஆபத்தான பகுதி முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டபோதுதான், சாதாரணச் சரிவில் அவள் வழுக்கினாள். சத்தமே போடவில்லை. இரண்டு ஆள் உயரம் சறுக்கிப்போய்ச் சுனைக்குக் கீழே ஒரு கல்லில் கால் முட்டி நின்றாள். நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய்ச் சேர்ந்தேன். இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"ஒடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆமாக்கா."

"பாக்காத. என் மூஞ்சியப் பாத்துப் பேசு" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான்.

குவாரிப் பக்கம் அவளை இறக்க முடியாது. கைவீசி நடக்கிறவர்களுக்கே அங்கே இடமில்லை. பழைய பாதைப் பக்கம் சரிவு மெதுவானது, கீழே தெருவரை ஆம்புலன்ஸ் வரும். என் துப்பட்டாவையும் ஒரு காய்ந்த கொம்பையும் வைத்துக் காலைக் கட்டிவிட்டு, பழைய பாதையில் இறங்கி ஓடினேன். நாலைந்து மாதமாக யாரும் நடக்காததால் முள் மண்டிக் கிடந்தது.

காவலாளி கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு உள்பக்கமிருந்து நான் ஓடி வருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"எப்படி மேடம் உள்ளே..."

சொன்னேன். அவர் முதலில் நூற்றெட்டுக்கு அழைத்தார். பிறகு தன் மேலாளருக்கு. கேட்டின் சாவி அவரிடம் இல்லை, வேலை நடக்கும் நாளில் மேலாளர்தான் கொண்டுவருவாராம். போனில் மறுபக்கம் பேசியது எனக்கும் கேட்டது. கேட்டைத் திறக்கக் கூடாது, திறந்தால் எல்லோரும் அதையே சாக்காக வைத்துக்கொள்வார்கள், வந்த வழியிலேயே இறக்கச் சொல்.

"சார், கால் ஒடிஞ்ச பொம்பளைங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லை எடுத்து இரண்டு அடி அடித்தார். பூட்டு அசையவில்லை.

நான் கீல்களைப் பார்த்தேன். தினமும் உலோகத்தைப் பார்க்கிற கண். மேல் கீலுக்கு மேலே தடுப்பு எதுவும் வெல்டிங் வைத்திருக்கவில்லை. தூணில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு முளையில் கதவைச் சும்மா மாட்டியிருந்தார்கள்.

"அண்ணே, பூட்டை விடுங்க. இந்தப் பக்கம் தூக்கினா கழன்று வந்துடும்."

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து அடியில் கொடுத்து நெம்பினார். நான் தோளைக் கொடுத்துத் தூக்கினேன். இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை கீல் கழன்று, பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மறுபக்கமாகத் திறந்தது.

அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு மேலே போனோம். தோட்டத்தில் வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் கூட வந்தார்கள். நாற்காலியில் அக்காவை உட்கார வைத்து, சேலையால் கட்டி, நாலு பேரும் நாற்காலியின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்து இறக்கினோம். வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். என்னையல்ல, மழையை, கல்லை, நாற்காலி செய்தவனை. கேட்டைத் தாண்டும்போது மட்டும் பேசாமல் அதைத் திரும்பிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது.

மறுநாள் கொட்டகையில் வேறு ஆள் இருந்தார். கதவு மறுபடி நின்றிருந்தது, மேல் கீலில் புதிதாக வெல்டிங். பழைய ஆள் எங்கே என்று கேட்டேன். "நிறுத்திட்டாங்க" என்றார் புதியவர்.

ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் ஊன்றக் கூடாது என்றார்கள். சாமந்தி பறிக்கிற காலம் அது. நான் காலையில் மலைக்குப் பதிலாக அவள் தோட்டத்துக்குப் போனேன். எனக்குப் பூப்பறிக்கத் தெரியாது, காம்பைக் கசக்கிவிடுவேன். அவள் கட்டிலைத் தோட்டத்து ஓரமாகப் போடச் சொல்லி, அங்கிருந்தே என்னை மேய்ப்பாள்.

ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "என்னாலதான்க்கா. நீங்க வேணாம்னு சொன்னீங்க."

"நீ கூப்ட்டியா? நான்தானே வந்தேன். மேல என் ஆடு நாலு நாளா நனைஞ்சிக்கினு இருந்துச்சு."

ஆடுகள் அந்த நாலு நாளும் பட்டியில்தான் இருந்தன. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நான் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.

அவள்தான் அடுத்து சொன்னாள். "எங்க மாமனாரு சொல்லுவாரு, இது வண்டிப்பாதைன்னு. கிராமத்துப் படத்துல கோடு போட்டிருக்குதாம். நான் பாத்ததில்ல. நீ படிச்சவ, போயி பாரேன்."

அதன்பிறகு என் காலுக்கு வேலை கிடைத்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் நடந்தேன். தாலுகா அலுவலகத்துக்கு நடந்தேன். வரைபடத்தின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்து, அது கைக்கு வரும்வரை எத்தனையோ காலைகள் அங்கே பெஞ்சில் உட்காராமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். பியூன், "உக்காருங்கம்மா, உங்களப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றார். ஒரு நாள் நகல் வந்தது. மலையடிவரை இரண்டு புள்ளிக்கோடுகள், நடுவில் சின்ன எழுத்தில் 'வண்டிப்பாதை'. நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தேன்.

மனு எழுதி, தெருவிலும் தோட்டங்களிலும் கையெழுத்து வாங்கினேன். கணவர் முதலில் "நமக்கெதுக்கு வம்பு" என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே மனுவை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவில் ஏழு வீட்டில் கையெழுத்து வாங்கி வந்தார். 

காவலாளியின் எண் என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் எப்படி இருக்கிறாள் என்று சொல்லும்படி அன்று மிஸ்டு கால் கொடுத்திருந்தார். அழைத்தேன். வேலை போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறோம் என்றேன். ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி, எனக்கு முன்னால் வந்து கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"கையெழுத்து போடறன் மேடம். ஆனா கதவை நான் தூக்கினேன்னே எழுதுங்க. நீங்க தூக்கினதா எழுதினா உங்க கம்பெனியில கேப்பாங்க."

"ரெண்டு பேரும் தூக்கினோம்னு எழுதியிருக்கேன்ணே."

 "சரி, அதான் நெசம்" என்று போட்டார்.

தை மாதம் சர்வேயர் வந்தார். நிறுவனத்தார் வக்கீலோடு வந்திருந்தார்கள். அக்கா ஊன்றுகோலோடு வந்தாள். நல்ல வெயில். நான் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் எல்லோர் பின்னாலும் நடந்துகொண்டிருந்தேன். அளந்து அளந்து சர்வேயர் கடைசியில் அந்தத் தகரக் கொட்டகைக்குள் போய் நின்றார். "பாதை இங்கதான் போகுது" என்றார். காவலுக்குப் போட்ட கொட்டகை பாதையின் நடுவில் நின்றிருந்தது. வக்கீலே சிரித்துவிட்டார்.

கேட் போனது, கொட்டகை போனது. பாதையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிக்கொண்டார்கள். வானம் ஒரு பட்டையாகத் தெரிகிற சந்து. புதர்க்காடு இல்லை, காற்றில்லை. ஆனால் பூட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ஷெட்டுகளில் தங்கி வேலை செய்கிற பையன்கள் கூட்டமாகப் போய் உச்சியில் நின்று வீட்டுக்கு வீடியோ காலில் பேசுகிறார்கள். காவலாளி இப்போது கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறார். அக்கா நடக்கிறாள், லேசாகச் சாய்ந்து. மலைக்கு வருவதில்லை. ஆடுகளை விற்றுவிட்டாள். கூப்பிட்டால், "நீ போய்ட்டு வா, எனக்கு அங்க என்னா வேல கீது?" என்பாள். நான் போய்விட்டு வருகிறேன். முன்பு போல இல்லை. உச்சிக்குப் போனதும் இறங்கத் தோன்றுகிறது, இறங்கியதும் ஏறத் தோன்றுகிறது.

போன மாதம் சானமாவுக் காட்டிலிருந்து மூன்று யானைகள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. வனத்துறை ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்து, மலைப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தேன். இந்த முறை சண்டை போட ஆளில்லை.

மூன்றாம் நாள், போய்விட்டன என்று சொன்னதும் போனேன். சந்துக்குள் நடுவில் பெரிய சாணம், ஈரம் காயாமல். இரண்டு மதில்களிலும் என் தலைக்கு மேலே சேறு தேய்ந்திருந்தது. ஒரு இடத்தில் மதிலின் மேல்வரிசைக் கற்கள் உள்பக்கம் சரிந்து கிடந்தன. சந்து தெருப்பக்கம் முடிகிற இடத்தில் அக்காவின் தோட்டத்தில் இரண்டு பாத்தி சாமந்தி நசுங்கிப்போயிருந்தது. அவள் நசுங்காத செடிகளைக் கயிறு கட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? அதுங்க பாதையிலயே வந்துக்கிதுங்க. நம்மள மாதிரி பள்ளத்துல சுத்திக்கினு வரல."

"நாம பாதையைத் திறந்துவிட்டதாலதான் வந்துச்சுன்னு தெருவுல பேசிக்கிறாங்கக்கா."

"பேசட்டும். பூ போனது எனக்குத்தானே?" கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். "சும்மா நிக்காம புடி."

மணி ஏழு தாண்டியிருந்தது. கம்பெனி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினேன்.